நாளைய தாது, இன்றைய பிணம்

"ஐயோ... நிறுத்து! நிறுத்துடா பாவி!"

கிமாலாங் மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் அலறல்.

அலறியவள் கல் அரைக்கும் கிரஷர் வாசலில் அரிசிப் பலகாரம் விற்கிற பெண். கூடை ஒரு பக்கம், பலகாரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்!

கல்லைக் கொட்டுவதற்காக முதுகைத் தூக்கிக்கொண்டிருந்த ராட்சத லாரி பாதியில் நின்றது. டிரைவர் ரூஃபோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"காலங்காத்தால ஏன்க்கா இப்படிக் கத்துறே? பாம்பா?"

"பாம்பில்லடா... உன் லாரிக்குப் பின்னாடி பாரு!"

இறங்கிப் போய்ப் பார்த்தான்.

கல். கல். கல். நடுவில்...

ஒரு கால்!

ஷூ போட்ட கால். அதற்கு மேலே முட்டி. முட்டிக்கு மேலே, கற்களுக்குள் குப்புறக் கிடந்தான் டாமியான் லாவோயான். கம்பெனியின் ஜியாலஜிஸ்ட். மலையைத் தட்டித் தட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறவன். அவனுடைய பின்மண்டையையே யாரோ தட்டிப் பார்த்திருந்தார்கள்.

ரூஃபோ அங்கேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

கொலைகாரன் வாந்தியெடுப்பானா என்று யாரும் யோசிக்கவில்லை. கால் மணி நேரத்தில் கம்பெனி காவலாளிகள் அவன் கையைப் பின்னால் கட்டிவிட்டார்கள்!

ட்ரிங்... ட்ரிங்...

ஊர் போலீஸ் ஸ்டேஷனில் சார்ஜெண்ட் ஹிலாரியோ தக்லின் போனை எடுத்தார்.

"ஹலோ..."

"ஏங்க!" மனைவி மக்தாவின் குரல். போனே தேவையில்லை. இரண்டு தெரு தள்ளிச் சாதாரணமாகவே கேட்டிருக்கும். "என் தம்பியப் புடிச்சிட்டாங்களாமே? ரூஃபோவையா? எட்டுக்கால் பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நிக்கிறவனையா?"

"விசாரிக்கிறேன் மக்தா."

"விசாரிங்க. நல்லா விசாரிங்க. அவன் வீட்டுக்கு வந்தா உங்களுக்கும் சோறு. வரலேன்னா ஸ்டேஷன்லயே படுத்துக்கங்க!"

போன் வைக்கப்படவில்லை. அறையப்பட்டது.

ஹிலாரியோ தொப்பியை எடுத்தார். கோபம் அவளுக்கு வரும், போகும். ஆனால் ரூஃபோவைப் பத்து வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தது இதே கைதான். கொலைக் கேஸ் என்றால் மணிலாவில் மின்சார நாற்காலி. அந்தப் பையனை அதில் உட்கார வைத்து நினைத்துப் பார்க்கவே அவரால் முடியவில்லை.

"சார்," என்றான் கான்ஸ்டபிள் டோமிங். ஒல்லியான ஆள். வாய் மட்டும் குண்டு. "உங்க மச்சானை உள்ளே வச்சிருக்கேன். நல்ல அறைதான். மழை ஒரு மூலைல மட்டும்தான் ஒழுகுது."

லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான் ரூஃபோ. கண்ணெல்லாம் சிவப்பு.

"மாமா... சத்தியமா நான் இல்ல மாமா!"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா பூட்டி வச்சிருக்கே?"

"வாயை மூடு. நேத்து கேன்டீன்ல என்ன நடந்துச்சு? அத சொல்லு."

ரூஃபோ மூக்கை உறிஞ்சினான்.

"நானும் நாலு டிரைவரும் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். டாமியான் சார் வந்தாரு. மூஞ்சில அப்படி ஒரு சிரிப்பு. என் தோள்ல தட்டி, 'ரூஃபோ, வேற வேலை தேடிக்கப்பா. இனிமே இந்த மலைக்கு இந்த லாரிங்க தேவைப்படாது'ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒருத்தன் பொழப்பு போகுதுன்னா இவருக்குச் சிரிப்பா? தட்டைத் தூக்கி எறிஞ்சேன்."

"அவர் மேலயா?"

"சுவத்து மேல மாமா."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்... அப்புறம், 'உன்னைக் கல்லோட கல்லா அரைச்சிடுவேன்'னு கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன்."

ஹிலாரியோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"கேன்டீன் ஃபுல்லு மாமா."

"அடேய்! வாயை எங்கேயாவது அடகு வச்சுட்டாவது வந்திருக்கலாமே!"

"சார்," டோமிங் இருமினான். "மாகாணப் போலீஸ் தலைமையிலேருந்து ஜீப் கிளம்பிடுச்சாம். மத்தியானம் வந்து இவரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கம்பெனி ஜி.எம். நேரா அங்க போன் பண்ணியிருக்காரு. மூணு மணிக்கு ஜப்பான் பாங்க்காரங்க சுரங்கம் பார்க்க வர்றாங்களாம். அதுக்குள்ள மலையைக் கூட்டிப் பெருக்கணுமாம்."

"ஜீப்ல ஏறிட்டா?"

"ஏறிட்டா ஏறினதுதான் சார். அங்க யாரும் வாந்தியெடுத்தானா, நூடுல்ஸ் சாப்பிட்டானான்னு கேக்க மாட்டாங்க."

டோமிங்கையும் ஏற்றிக்கொண்டு ஹிலாரியோ வண்டியை எடுத்தார்.

கிமாலாங் காப்பர் கம்பெனியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தக் கொலை புரியாது.

அக்கம்பக்கத்து மலைகளில் எல்லாம் தங்கம் இருந்தது. கிமாலாங்கில் தாமிரம் இருந்தது... இருந்தது என்று சொல்லக்கூடக் கூச்சப்பட வேண்டும்! ஒரு லாரி கல்லை உடைத்து, அரைத்து, நுரைக்க வைத்து வழித்தெடுத்தால் ஒரு சட்டி தேறும். தரம் அவ்வளவு மட்டம். வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கும்.

இவர்கள் போகவில்லை. நிறுத்தாமல் அள்ளினார்கள். நிறுத்தாமல் அரைத்தார்கள். மில் ஒரு நிமிஷம் நின்றாலும் நஷ்டம் என்பதால் கிறிஸ்துமஸுக்கும் அரைத்தார்கள், புயலுக்கும் அரைத்தார்கள். செலவைக் கிள்ளினார்கள். கிள்ளிக் கிள்ளி அதுவே ரத்தத்தில் ஏறிவிட்டது. கேன்டீன் காப்பியில் பாதி வறுத்த சோளம். ஆபீஸில் இரண்டு மேஜைக்கு ஒரு பல்பு. ராத்திரியில் விளக்குச் செலவு என்று சுரங்கத்தில் லாரிகளை ஓட்டுவதில்லை. சாயங்காலம் ஏற்றிய கல்லோடு அப்படியே நிறுத்திவிட்டு, காலையில் வந்து கொட்டுவார்கள்.

ஆள் எடுப்பதிலும் இதே கதைதான். தப்பித் தவறி ஒரு கெட்டிக்காரன் உள்ளே வந்துவிட்டால், அவனோடு நாலு மந்தங்களைக் கலந்துவிடுவார்கள். சராசரி சரியாக வந்துவிடும்!

இந்தச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி ஜெனரல் மானேஜர் லியாண்ட்ரோ உமாலி. வெள்ளைச் சட்டை. வெள்ளை ஷூ. ஒன்றுமில்லாத மலையில் லாபம் காட்டிய மேதை என்று மணிலாவில் அவருக்கு மூன்று தடவை கேடயம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கின.

"வாங்க சார்ஜெண்ட். காப்பி?"

"வேணாம் சார். சோளம் எனக்கு ஒத்துக்காது."

உமாலி சிரிக்கவில்லை.

"கொலைகாரன் கையில இருக்கான். இன்னும் என்ன விசாரணை? உங்க மச்சான்கிறதுனால தயங்குறீங்களா?"

"அவன்தான்னா நானே ஜீப்ல ஏத்துறேன் சார். டாமியான் எதுக்காகச் சாகணும்? அதுதான் எனக்குப் புரியல."

"என்ன புரியல?" உமாலி பெருமூச்சு விட்டார். "தெற்கு மலையில மூணு மாசமா துளை போட்டுப் பாத்துக்கிட்டிருந்தான். பாவம், நல்ல பையன். அங்க என்ன இருக்குன்னு இன்னைக்கு ஜப்பான்காரங்க முன்னாடி சொல்றதா இருந்தான். அவன் டிரைவருங்ககிட்ட சொன்னதை வச்சே தெரியலியா? லாரி தேவைப்படாதுன்னா என்ன அர்த்தம்? மலை காலி! சுரங்கத்தை மூடிடுவாங்கன்னு உங்க மச்சானுக்கு வயித்தெரிச்சல். அடிச்சுட்டான்."

"எதால அடிச்சான்?"

"அவனோட சுத்தியலாலயே அடிச்சிருப்பான்."

"டாமியானோட சுத்தியலக் காணோம் சார். இடுப்புல உறை மட்டும்தான் இருக்கு. லாரிக் கல்லு முழுக்கக் கிளறித் தேடிட்டோம்."

"பள்ளத்தாக்குல வீசியிருப்பான். எனக்கு வேலை இருக்கு சார்ஜெண்ட்."

ஹிலாரியோ வெளியே வந்தார். டோமிங் வெளியே இல்லை.

தூரத்தில் மில் பக்கமிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். ஓடி வருவதே அவனுக்குப் பழக்கமில்லை என்பதால் கால் ஒரு பக்கமும் தொப்பி ஒரு பக்கமும் போயின.

"சார்! சார்! காந்தம் ஒண்ணு சாட்சி சொல்லுது!"

"என்னடா உளர்றே?"

"வந்து பாருங்க!"

மில்லுக்குள் காது பிளக்கிற இரைச்சல். அகலமான ரப்பர் பெல்ட்டில் கல் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டுக்கு மேலே மாட்டு வண்டி அளவுக்கு ஒரு காந்தம். கல்லோடு கலந்து வருகிற ஆணி, போல்ட், உடைந்த இரும்பு எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற கிரஷருக்குள் இரும்பு போனால் அதன் பல் போய்விடும்.

காந்தத்தின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது...

ஒரு சுத்தியல்!

ஜியாலஜிஸ்ட் சுத்தியல். ஒரு பக்கம் சதுரம், ஒரு பக்கம் கூர்மை. கைப்பிடியில் டி.எல். என்று செதுக்கியிருந்தது. சதுரப் பக்கத்தில் காய்ந்த ரத்தமும் இரண்டு முடியும்.

"காலைல இரும்பைக் கழட்டலாம்னு பாத்தேன், இது இருந்துச்சு," என்றாள் பெலிசா. மில் சூப்பரின்டெண்டென்ட். மணிலாவில் படித்த இன்ஜினியர். வாயில் எப்போதும் வெற்றிலை. "தொடல. விரல் ரேகை இருக்கும்ல?"

"கல்லுல உருண்டு வந்ததுல ரேகை எங்க இருக்கப் போகுது?" ஹிலாரியோவுக்குச் சலிப்பு வந்தது. "சுரங்கத்துலேருந்து வந்த கல்லோடதானே வந்திருக்கு? அப்போ ரூஃபோ லாரிலேருந்துன்னு சொல்லிடுவாங்க."

"ரூஃபோ லாரி இன்னும் கொட்டவே இல்லியே! அது கிரஷர் வாசல்ல நிக்குது. இது இந்த பெல்ட்டு. இதுல வர்றது அந்த மேட்டுக் கல்லு."

"எந்த மேடு?"

பெலிசா ஜன்னல் வழியாகக் கை காட்டினாள்.

மில்லுக்குப் பின்னால் ஒரு குன்று. தாமிரம் போதாது என்று முப்பது வருடமாக ஒதுக்கித் தள்ளிய கல். மேலே கொய்யா மரமே முளைத்துவிட்டது. ஊருக்கு அது குப்பைமேடு. ஆனால் கழிவு, குப்பை என்ற வார்த்தைகளுக்குக் கம்பெனியில் தடை. உமாலி போட்ட தடை. பாங்க்காரர்கள் காதில் விழுந்தால் நன்றாக இருக்காதாம். மேட்டுக்கு முன்னால் பெரிய போர்டு வைத்திருந்தார்கள்: 'நாளைய தாது.'

"அதையா அரைக்கிறீங்க?"

"போன வாரம் கம்பெனி குடுத்த பன்றி விருந்துக்கு நீங்க வரலியா?"

"டூட்டி."

"ஜி.எம். பேசினாரு. 'இனிமே கிமாலாங்ல ஒதுக்குற கல்லுன்னு ஒண்ணு கிடையாது! நேத்து வரைக்கும் அது நாளைய தாது. இந்த நிமிஷத்துலேருந்து அது இன்றைய தாது!'ன்னு முழங்கினாரு. எல்லாரும் கைதட்டினோம். மறுநாள் காலைலயே மெஷினை விட்டு மேட்டைப் பின்பக்கமாத் தோண்ட ஆரம்பிச்சுட்டேன். சாயங்காலம் சுரங்கத்துக் கல்லு நின்னுடுது இல்ல, ராத்திரி பூரா இதுதான் ஓடுது."

"அந்த விருந்துல நான் இருந்தேன் சார்," டோமிங் சேர்ந்துகொண்டான். "பூசாரி பன்றியோட பித்தப்பையைப் பாத்துட்டு 'சகுனம் சரியில்ல, இன்னொரு பன்றி அறுக்கணும்'னாரு. ஜி.எம். ஒத்துக்கல. 'இதையே இன்னொரு தடவை பாருங்க, எதாவது தேறும்'னாரு!"

ஹிலாரியோ சிரிக்கவில்லை. சுத்தியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பெல்ட் ஓடியது. நேரமும் ஓடியது. அந்த நேரத்தில் ஜீப் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்.

"பெலிசா, மேட்டை அரைக்கிற விஷயம் டிரைவருங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? முன்னாடி பள்ளத்தாக்குல கொட்டின ஒதுக்கு கல்லைக்கூட இப்போ ரூஃபோதான் கொண்டாந்து இங்க தள்ளிட்டுப் போறான்."

"அப்போ அவன் சுத்தியல இந்த மேட்டுல ஒளிச்சு வைப்பானா?"

"வைக்க மாட்டான். காலைல காந்தத்துல வந்துடும்னு தெரியுமே."

"வேற யாரு வைப்பா?"

"மேடு அப்படியே நூறு வருஷம் கிடக்கும்னு நம்புற ஆளு."

"இன்னொண்ணு பெலிசா. பிணத்தை லாரிக் கல்லுல தள்ளி, கிரஷர்ல அரைபட்டுப் போகட்டும்னு விட்டிருக்கான். அந்தச் சுத்தியலையும் கூடவே போட்டிருந்தா வேலை ஒரேயடியா முடிஞ்சுதே! அத மட்டும் ஏன் தனியா எடுத்துட்டு வந்து இங்க வீசணும்?"

பெலிசா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"அதெப்படிப் போடுவாங்க? இரும்பு! வாசல் கிரஷருக்கு முன்னாடி காந்தம் கிடையாது, இரும்பு போனா அது கெட்டுப் போகுமே! மில் நின்னுடுமே!"

சொல்லிவிட்டு, தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதேதான்," என்றார் ஹிலாரியோ மெல்ல. "ஒரு ஆளைக் கொன்னுட்டு, கை நடுங்குற நேரத்துலயும் கிரஷருக்கு அடிபடக் கூடாதுன்னு நினைக்கிறவன்... இந்த மலையில எத்தனை பேர் இருக்காங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பேரைச் சொல்லவில்லை.

"ஆதாரம் சார்?" டோமிங்தான் கேட்டான். "'இவரு சிக்கனக்காரரு, அதனால கொலைகாரரு'ன்னு கோர்ட்ல சொன்னா ஜட்ஜ் நம்மளைப் புடிச்சு உள்ளே போடுவாரு."

"பெலிசா, பெல்ட்டை நிறுத்து."

"என்னது?!"

"மில்லை நிறுத்து. மொத்தமா."

"சார்ஜெண்ட்! எனக்குப் பிரசவ வலி வந்தப்பகூட நான் இந்தப் பெல்ட்டை நிறுத்தல! தெரியுமா?"

"ரூஃபோ மின்சார நாற்காலில உக்காரப் போறான் பெலிசா."

அவள் வெற்றிலையைத் துப்பினாள். சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள்.

மில் நின்றது.

கிமாலாங் ஊருக்கு அமைதி என்றால் என்னவென்றே தெரியாது. இரைச்சலிலேயே பிறந்து, இரைச்சலிலேயே தூங்கிய ஊர். திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. தொட்டிலில் தூங்கிய குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன. சந்தையில் கத்திக் கத்தி விற்றுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே பயந்தார்கள். கடைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். மாதா கோவில் பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

ஆபீஸ் கதவு படாரென்று திறந்தது.

லியாண்ட்ரோ உமாலி ஓடி வந்தார். வெள்ளை ஷூ சேற்றில் புதைந்தது. பொருட்படுத்தவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மில்லுக்குள் பாய்ந்தார்.

"எவன்டா நிறுத்தினது? எவன்?!"

"மன்னிக்கணும் சார்," ஹிலாரியோ குரலைத் தாழ்த்தினார். காந்தத்துக்கு முன்னால் அவரும் டோமிங்கும் மறைத்துக்கொண்டு நின்றார்கள். "ஒரு சுத்தியல் போய் உள்ளே சிக்கிடுச்சு. கிரஷர் பல்லு மூணு போயிடுச்சாம். சரி பண்ண ஒரு வாரம் ஆகும்னு பெலிசா சொல்றாங்க."

"மூணு... பல்லா?"

டாமியான் செத்துப்போனதைப் பற்றிப் பேசியபோது வெளுக்காத முகம் இப்போது வெளுத்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்!

"ஒரு வாரமா? ஐயோ... ஒரு வாரமா? அது எப்படி மில்லுக்குள்ள வரும்? அந்தக் குப்பைமேட்டுல இல்ல கிடக்கணும்! மேட்டைத் தொட்டது எந்தக் கழுதை?!"

ஒரு சத்தமும் இல்லாத மில்லில் அந்த வார்த்தைகள் கடைசி ஆள்வரை கேட்டன.

ஹிலாரியோ குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"எந்தச் சுத்தியல் சார்?"

"என்ன... எந்தச்..."

"இந்த மில்லுல ஃபிட்டருங்ககிட்ட மட்டும் ஐம்பது சுத்தியல் இருக்கும். நான் ஒரு சுத்தியல்னு மட்டும்தான் சொன்னேன். அது குப்பைமேட்டுல கிடக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

டோமிங் நகர்ந்து நின்றான். காந்தம் தெரிந்தது. சுத்தியலும் தெரிந்தது.

உமாலியின் கண் சுத்தியலிலிருந்து நகரவே இல்லை. பிறகு மெல்லப் பெலிசாவிடம் திரும்பியது.

"மேட்டை ஏன்டீ தொட்டே?"

"நீங்கதானே சார் சொன்னீங்க. இன்றைய தாதுன்னு..."

"அது பேச்சு! போட்டோவுக்காகப் பேசினது! அதைப் போய் எவளாவது நிஜம்னு எடுத்துப்பாளா?"

"மைக்ல சொன்னீங்க சார். மைக்ல சொன்னா ஆர்டர்தானே?"

"சரி சார், ஒரே ஒரு சந்தேகம்," டோமிங் குறுக்கே புகுந்தான். "சுத்தியலையும் லாரிலயே போட்டிருந்தா உங்களை யாரு கேக்கப் போறா?"

"மடையா, இரும்புடா!" உமாலி எரிந்து விழுந்தார். "இரும்பு போனா கிரஷர் என்னத்துக்கு ஆகும்?"

அப்புறம்தான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பக்கத்திலிருந்த கருவிப் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கிரஷர் வாசல் காவல்காரன நானே போன மாசம் நிறுத்தினேன்... செலவு. அவன் இருந்தா பலகாரக்காரிய விரட்டியிருப்பான். அங்க அவ நிப்பான்னு யாரு கண்டா?"

கேட்கத்தான் வேண்டுமா என்று ஹிலாரியோவுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டார். கோபம் அவர் குரலில் தெரிந்தது.

"தெற்கு மலையில ஒண்ணுமில்லன்னு சொல்ல வந்தான். அதுக்காகவா சார் ஒரு உயிரை எடுத்தீங்க? அதை ஒரு சின்னப் பையன் தலையிலயும் கட்டப் பாத்தீங்க?"

உமாலி நிமிர்ந்தார்.

சிரித்தார்!

"ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா அவனுக்கு நான் மாலை போட்டிருப்பேன் சார்ஜெண்ட்! ஒண்ணுமில்லாததுல நாங்க முப்பது வருஷம் வாழ்ந்திருக்கோம். அதுதானே எங்க சொத்து?"

"பின்னே?"

"அவன் என்ன சொன்னான் தெரியுமா? ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் லாரிங்க நிக்கிற இடத்துக்கு மேல இருக்கிற மேடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனான். பையிலேருந்து ஒரு கல்லை எடுத்தான். கையகலக் கல்லு. பாதிக்குப் பாதி தாமிரம்! நடுவுல நூல் நூலாத் தங்கம்! தெற்கு மலைக்குள்ள அப்படி ஒரு தாது ரேகை ஓடுதாம். அகலம் என் இடுப்பளவுதான். ஆனா உள்ளே போய்க்கிட்டே இருக்காம்."

பெலிசா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நல்ல செய்திதானே சார்?" என்றாள் பெலிசா.

"யாருக்கு நல்ல செய்தி?" உமாலி கத்தினார். "'சார், இனிமே மலையை வெட்ட வேணாம். ஒரு சின்னக் குகை, கொஞ்சம் ஆளுங்க, உளி, தள்ளுவண்டி, அவ்வளவுதான்'ங்கிறான். பன்னெண்டு புது லாரிக்கு ஜப்பான்காரன்கிட்ட கடன் கேட்டிருக்கேன், அது வேணாமாம். இந்த மில்லும் வேணாமாம். அப்போ நான் எதுக்கு? அந்தக் கல்லை வச்சு எந்த முட்டாளும் லாபம் காட்டுவான்! ஒண்ணுமில்லாததுல காட்டத்தான் உமாலி வேணும்! அத அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான் சார்ஜெண்ட். 'சந்தோஷமா இல்லியா சார்?'னு கேட்டுட்டு, சுத்தியல என் கையில குடுத்து, 'நீங்களே உடைச்சுப் பாருங்க'ன்னு குனிஞ்சான்..."

பெலிசா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நல்ல செய்தி சொல்ல ஓடி வந்த ஒரு பையன். அவ்வளவுதான் அவன் செய்த தப்பு.

"அந்தக் கல்லு எங்க சார்?" ஹிலாரியோ கேட்டார்.

"லாரிலதான் போட்டேன்."

"ஏன்?"

"தாமிரம் சார்ஜெண்ட்! வீணாப் போகலாமா?"

மாகாண ஜீப் ஸ்டேஷன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே கை விலங்கோடு ரூஃபோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அக்கா கொடுத்தனுப்பிய சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் மடியில் இருந்தது.

ஹிலாரியோ ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இறங்குடா!"

"மாமா, அடிக்காதே மாமா!"

"இறங்குடா கழுதை!" இறக்கி, இறுக்கிக் கட்டிக்கொண்டார். சார்ஜெண்ட் அழலாமா கூடாதா என்று சட்டத்தில் எதுவும் சொல்லவில்லை என்பதால், கொஞ்சம் அழுதார்.

அவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அந்த இடத்தில் உமாலி ஏற்றப்பட்டார். ஜீப் கிளம்பும்போது கடைசியாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மில் ஓட ஆரம்பித்துவிட்டதா?

ட்ரிங்... ட்ரிங்...

"மக்தாவாதான் இருக்கும்," என்று போனை எடுத்தார் ஹிலாரியோ. "சோறு போடு மக்தா, ரெண்டு பேருக்கும்!"

"என்ன சோறு? நான் மணிலாவிலேருந்து பேசுறேன். கம்பெனி சேர்மன்! மில் நின்னுச்சாமே, ஏன்?"

ஹிலாரியோ விறைத்து நின்றார்.

"சார்... உங்க ஜி.எம். ஒரு கொலை பண்ணிட்டாரு. கைது பண்ணியிருக்கோம்."

"ஓஹோ. மில் எப்போ ஓடும்?"

"ஓட ஆரம்பிச்சுடுச்சு சார். இன்னொரு விஷயம், தெற்கு மலையில ரொம்ப உயர்ந்த தரத்துல தாமிரமும் தங்கமும் கிடைச்சிருக்கு."

லைன் போய்விட்டதோ என்று ஹிலாரியோ ரிசீவரைத் தட்டினார்.

"எவ்வளவு உயர்ந்த தரம்?" குரல் நடுங்கியது.

"பாதிக்குப் பாதின்னு சொல்றாங்க சார்."

"கடவுளே! யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க! எங்க மில்லுக்கு அதெல்லாம் ஜீரணமாகாது. அந்தக் கல்லை எடுத்து, மேட்டுக் கல்லோட நல்லாக் கலந்து, நம்ம தரத்துக்கு இறக்கிடச் சொல்லுங்க. அப்புறம் சார்ஜெண்ட், எனக்கு அவசரமா ஒரு ஜி.எம். வேணும். புத்திசாலியெல்லாம் வேணாம், பட்டது போதும். சுமாரான ஆளு, மலை தெரிஞ்சவன், சொன்னதைக் கேக்குறவன்... உள்ளூர்ல யாராவது இருக்கானா?"

ஹிலாரியோ திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சோற்றை அள்ளி அடைத்துக்கொண்டிருந்தான் ரூஃபோ. ஒரு கையில் விலங்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு டோமிங்கிடம் விஷயத்தைச் சொன்னார்.

டோமிங் ரூஃபோவை மேலும் கீழும் பார்த்தான்.

"நம்ம ஆளையே சொல்லுங்க சார்! கலக்கக்கூட வேணாம்... அப்படியே அரைக்கலாம்!"